ஈரக் கழிவு

சம்மாந்துறை மில்லில் நெல் நிறுக்கிறவன் நான்.
மூட்டை தட்டில் ஏறுமுன்பே
கை சொல்லிவிடும்
ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிக்கலாமென்று.

லொறி வராத மத்தியானங்களில்
நானே ஏறி நிற்பேன்.
பெரும்போகம் விதைக்கையில் அறுபத்திரண்டு.
அறுவடைக்கு எழுபத்தொன்பது.
இப்போது தொண்ணூற்று நான்கு.
எனக்குக் கழிவு போட ஆளில்லை.

இரவு எட்டுக்கு ஒரு குளிசை.
பத்தரைக்குப் பசி.
நோன்புப் பசிக்கு ஒரு மஃரிப் உண்டு;
இதற்கு எந்தப் பள்ளியிலும் பாங்கு இல்லை.
தயிர்ச் சட்டியை விரலால் வழித்து,
மகள் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற பிஸ்கட்டையும் தின்று
வெறும் உறையை ஒழுங்காக மடித்து வைப்பேன்.
ஜெஸீமா ஒன்றும் கேட்பதில்லை.
இரண்டு பக்கெட்டாக வாங்குகிறாள்.
கலியாண மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றியதும்
அவள்தான்.

குளிசைக்கு முன்
உமிக் குவியலுக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள்,
வாப்பாவின் பெயர் சொல்லி:
நஜ்முதீன்ட மகனே,
எவன்ட நெல்லில எவ்வளவு வெட்டினாய்?
நோய் என்றார் டொக்டர்.
நோய்தான்.
கேள்வி முழுப் பொய்யுமில்லை.
ஒரு விடியற்காலை பதினேழு மூட்டையை அறுத்து
வீதியில் கொட்டினேன்,
உரியவர்கள் வந்து அள்ளட்டுமென்று.
மாடுகள்தான் வந்தன.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தலையைப் படமெடுத்தார்கள்.
மூளை ஓரங்களில் கொஞ்சம் சுருங்கியிருக்காம்.
நோயாலா, குளிசையாலா?
‘ரெண்டும் இருக்கலாம், பிரிச்சுச் சொல்லேலாது.’
எனக்கு விளங்கும்.
களத்தில் நிறுத்த நெல் மில்லில் குறைந்தால்
வெயில் குடித்ததா, வழியில் சிந்தியதா,
யார் சொல்வது?
உடம்பு நனைந்த சாக்காய்க் கனக்க
தலை மட்டும் காய்கிறது.

கேட்காமல் ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன்.
ஒன்பது நாள் வயிறு சும்மா கிடந்தது.
பத்தாம் நாள் உமி பேசியது.

அதனால் போடுகிறேன்.
சீனிக்கும் ஒன்று சேர்த்துத் தந்து
பின்னேரம் நடக்கச் சொன்னார்கள்.
வாய்க்கால் வரம்பில் நடக்கிறேன்.
கொக்குகள் முன்பைவிடத் தூரத்திலேயே
எழும்பிவிடுகின்றன.

நேற்று மல்வத்தையிலிருந்து ஒருத்தி,
சொட்டச் சொட்ட ஆறு மூட்டை.
மூட்டைக்கு நாலு கிலோ வெட்டென்று
முதலாளி கண் காட்டினார்.
இரண்டு என்று எழுதினேன்.

யாரும் சொல்லவில்லை.
உமிக் குவியல் வாய்மூடிக் கிடந்தது.
முந்தின இரவுக் குளிசையும்
போட்டுத்தான் இருந்தேன்.