தாழையூத்துத் தண்ணீர்

தொண்ணூற்று நாலாம் வருசம், சித்திரை.
ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரி, உடலியல் ஆய்வகம்.
வாலைநீர் காய்ச்சும் கலத்தில்
கம்பிச்சுருள் கருகிக் கிடந்தது.
இன்டென்ட் மூன்று முறை போயிற்று,
சுருள் வரவில்லை.

உதவியாளர் முப்பிடாதி, அதாவது நான்,
வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரை
வெள்ளைக் கேனில் பிடித்து
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து
உப்பை நிறுத்துக் கரைத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீரில்
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.
வெந்நீர்ப் பானைக்கு உள்ளே
வருசத்துக்கு ஒரு சுற்று வெள்ளையடித்துவிடும்.
சுண்ணாம்புப் பாறையை நக்கிவிட்டு வருகிற தண்ணீர்.

அன்று தவளையின் இதயம்
தவளை இல்லாமல்
கண்ணாடிக் குழலில் தொங்கிக்கொண்டு
மத்தியானம் தாண்டியும் துடித்தது.
கரிப்புகை பிடித்த உருளைத் தாளில்
பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகும்
ஊசி ஏறி இறங்கி, ஏறி இறங்கி
ஆளில்லாத அறைக்கு எழுதிக் காட்டியது.

செவ்வாய்க்கிழமை புதுச் சுருள் வந்தது.
சுத்தமான நீர். அதே உப்பு, அதே நிறை.
நாலு துடிப்பு, ஒன்றைவிட ஒன்று குட்டையாக.
அப்புறம் முனகல் மாதிரி ஏதோ.
அப்புறம் கோடு படுத்துக்கொண்டது.

டாக்டர் ஜெயசீலி மின்முனையைத் தொட்டுப் பார்த்தார்.
திரையில் அலை ஓடியது, நேற்று ஓடியது போலவே.
"கட்டளை வருது முப்பிடாதி,
கேக்கத்தான் ஆள் இல்ல.
நேத்து எந்தத் தண்ணி?"

"வீட்டுத் தண்ணி, டாக்டர்."
வேலை போயிற்று என்றே நினைத்தேன்.
அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று.
"நாளைக்கும் ஒரு கேன் கொண்டாங்க."

பலகையை அழிப்பது என் வேலை.
அன்று அழிக்குமுன் படித்தேன்.

மின்னலை தொட்டதும் சுவரில் சிறு கதவு திறக்கிறது.
வெளியிலிருந்து கால்சியம் உள்ளே வருகிறது.
தவளைக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.
நமக்குப் போதாது.
வந்த சொற்பம் உள்ளே பூட்டிய கிடங்கைத் தட்டுகிறது.
கிடங்கு திறந்து கொட்டுகிறது, அதுவும் கால்சியம்தான்.
மெல்லிய இழைமேல் காவல் கிடப்பவனைப் பிடித்து
ஓரமாய்ப் புரட்டுகிறது.
தடித்த இழையின் கைகள் எட்டிப் பற்றி
இழு, விடு, இன்னும் கொஞ்சம் இழு.
அதுதான் ஒரு துடிப்பு.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை.
என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன்
குவாரியில் வெடி வைக்கிறவர்.
டெட்டனேட்டர் சுண்டுவிரல் அளவு.
அது பாறையை உடைப்பதில்லை.
துளையில் அடைத்த மருந்தை எழுப்பிவிடும்.
உடைப்பது மருந்து.
உடைவதோ சுண்ணாம்பு.

வெடித்தால் முடிந்ததா?
சிதறியதை அள்ளி வெளியேற்றாமல்
அடுத்த துளைக்கு இடமில்லை.
பலகையின் கீழ்மூலையில், அவசரக் கையெழுத்தில்,
கொட்டிய கால்சியத்தை ஒவ்வொன்றாகப்
பம்பு கிடங்குக்குத் திருப்புகிறது என்று இருந்தது.
அதற்கும் எரிபொருள் வேண்டுமாம்.
தளர்வதற்குக் கூலி கேட்கிற உடம்பு.

நம்பினேன்.
பிணவறையில் ஒரு வாரம் மாற்று வேலை பார்த்தபோது
மூடிய விரல்களை ஒவ்வொன்றாய்
நிமிர்த்தியிருக்கிறேன்.
கூலி நின்றுபோன கைகள்,
பிடித்ததை விடத் தெரியாமல்.

அழித்துவிட்டு வந்தேன்.
இப்போது ரிட்டயர்டு ஆகி நாலு வருசம்.
பானையைச் சுரண்டி
வெள்ளைத் தூளைச் சாக்கடையில் கொட்டப் போகையில்
கை ஒரு கணம் நிற்கும்,
அவ்வளவுதான்.

மணி ஒன்று ஆகப்போகிறது.
குவாரியில் சங்கு ஊதுகிறார்கள்.
அலமாரியில் பாத்திரங்களைப்
பிடித்துக்கொள்ள வேண்டும்.