வடக்கிருந்த பெட்டி

கையேட்டுப் படத்தில் பெட்டி தெற்கே பார்த்தது;
நாங்களும் அப்படியே வைத்தோம்.
அட்டைப்பெட்டி, இடுக்கில் கசக்கிய செய்தித்தாள்,
கறுப்படித்த சட்டி, கண்ணாடி மூடி,
ஒரு குவளை அரிசி, இரண்டு குவளை தண்ணீர்.

மீர்பேங்க், ஜூன் மாதம். கரண்ட் இல்லை,
இரண்டரைக்குத்தான் வருமாம்.
வேலிக்கு அப்பால் எண்ணெய் ஆலையின் புகைபோக்கி
யாருக்கோ எரிந்துகொண்டிருந்தது.

பதினோரு மணி: நாற்பத்தொரு டிகிரி.
பதினொன்றரை: நாற்பத்தொன்று.
அரிசி சும்மா குளித்துக்கொண்டிருந்தது.
"மேகம்" என்றேன். மேகமே இல்லை.
கிரீசன் பெட்டிக்குக் கற்பூரம் காட்டலாமா என்றான்.

நொமுசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மிஸ், என் நிழல் தெற்கே விழுது.
அப்ப வெயில் எந்தப் பக்கம்?"

பன்னிரண்டு வருஷமாய்ச் சூரியனைப் பாடம் நடத்துகிறேன்.
படம் போட்டவர் பூமத்தியரேகைக்கு அந்தப்புறத்து ஆள்;
நான் இந்தப்புறத்து ஆள், ஒரு நாளும்
என் நிழலைக் கேட்டதில்லை.
மதிப்பெண் நோட்டில் என் பெயரையும் எழுதி
ஒரு முட்டை போட்டேன்.
வகுப்பு கைதட்டியது, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

நாலு பேர் தூக்கித் திருப்பினோம்.
ஐம்பத்தாறு. எழுபது. எண்பத்தெட்டு.
கண்ணாடியில் முதல் வியர்வை.

வடக்கிருந்து உயிர்விட்ட அரசர்கள் உண்டு எங்கள் பாட்டுகளில்,
அன்னம் தண்ணீர் தொடாமல், மானத்துக்காக.
இந்த அட்டைப்பெட்டி
வடக்கிருந்து சோறாக்கியது.

ஒன்றேமுக்காலுக்குத் திறந்தோம்.
அடியில் குழைவு, மேலே அரைவேக்காடு, நடுவில் பதம்.
உப்புப் போட மறந்திருந்தோம்.
ஆளுக்கு ஒரு கவளம்கூட வரவில்லை.
நொமுசா விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்:
"டிசம்பரில் எங்கே திருப்பணும்?"

டிசம்பரில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்.
பெட்டியை அவளோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.