மிதவைக்குள் பெட்ரோல்

ராத்திரி நிறுத்தும்போது காய்ந்திருந்த தரையில்
விடியும்போது ஒரு கரிய வட்டம்.
அஸ்மாராவில் பெட்ரோல் கூப்பனுக்குத்தான்.
மாதத்துக்கு இத்தனை லிட்டர் என்று
முத்திரை குத்திய தாள்.
அதில் அரை லிட்டரை
என்னைக் கேட்காமலே
சிமெண்டுக்குத் தானம் செய்திருக்கிறது ஸ்கூட்டர்.

உதைத்தேன். ஏழாவது உதையில் ஒரு இருமல்.
பதினொன்றில் அதுவும் இல்லை.
பிளக்கைக் கழற்றினால்
தலை துவட்டாமல் ஓடிவந்த பிள்ளைபோல் சொட்டுகிறது.
துடைத்து, ஊதி, சட்டையில் தேய்த்து மாட்டினேன்.
வெள்ளைப் புகை. நீளமாய் ஓர் ஏப்பம்.
பிறகு மாதா கோயில் மணி மட்டும்.

வியாழக்கிழமை.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி,
உள்ளே நெஃபாசித் கோழிகளுக்கான தடுப்பு மருந்து.
ஐஸ் யாருக்கும் காத்திருக்காது.

"உயரம்தான் காரணம்" என்றார் மாடிவீட்டு கிர்மாய்,
பல் துலக்கிக்கொண்டே.
"மசாவாக் கடலோரத்தில் ஓடிய வண்டி.
இங்கே காற்று மெலிசு, ஜெட் பெரிசு."
சின்ன ஜெட் மாட்டினேன்.
மறுநாள் காலை, அதே வட்டம்.
நின்ற வண்டி மூச்சே விடுவதில்லையே,
காற்று மெலிந்தால் அதற்கென்ன, தடித்தால் என்ன?

ஊசியாக இருக்கும் என்று ஊசியை மாற்றினேன்.
கார்புரேட்டரைத் தலைகீழாய்ப் பிடித்துக்
குழாயில் வாய் வைத்து ஊதினேன்.
கன்னம் உப்பியது, காற்று போகவில்லை.
சரி, ஊசி நிரபராதி.
டாங்கி மூடியிலும் எனக்குச் சந்தேகம்.
அதன் உச்சியில் இருந்த பொடித்துளையில்
சோப்பைத் தேய்த்து அடைத்தேன்.
(இதை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.)

கடைசியில்தான் மிதவையைக் காதோரம் வைத்துக் குலுக்கினேன்.
களக்.
உள்ளே ஒரு மடக்கு பெட்ரோல்.
கிண்ணம் நிறைந்தால் மேலே எழவேண்டும்,
ஊசியைத் தள்ளிக் கதவைச் சாத்தவேண்டும்,
உலகத்தில் அதற்கு வேறு வேலை கிடையாது.
அதுவோ குடித்துவிட்டு அடியில் படுத்திருக்கிறது.
போதுமென்ற மனம் பொன்னாம்.
இது பித்தளை.

மெதெபர் சந்தையில்
டிரம்கள் அடுப்பாகும், டயர்கள் செருப்பாகும்.
சத்தத்துக்கு நடுவே கெட்டில் ஒட்டும் அக்பெரெத்
மிதவையை நகத்தால் தட்டி
"இது என்ன, கிலுகிலுப்பையா?" என்றாள்.
ஸ்கூட்டரில் அவள் ஏறியதே இல்லை.
ஒழுகல் என்றால் தெரியும்.
அடுப்பைத் தள்ளிவைத்து
வெந்நீரில் அமுக்கிப் பிடித்தாள்.
தையல் ஓரத்திலிருந்து
கடுகு கடுகாய்க் குமிழிகள்.
கரியால் ஒரு புள்ளி வைத்தாள்.
உள்ளிருந்தது முழுக்க ஆவியாய்ப் போக
வெயிலில் போட்டுவிட்டு
இன்னொருவர் காபிச் சட்டியை எடுத்துக்கொண்டாள்.

ஒட்டிய ஈயம் கொஞ்சம் தடித்துவிட்டது.
கனம் கூடினால் தாழும்,
தாழ்ந்தால் மறுபடி வெள்ளம்.
சொன்னதும் அரத்தை எடுத்தாள்.
இருபது நக்ஃபா.
பாக்கிச் சில்லறை தரும்போது கேட்டாள்:
ஒரு குப்பி மருந்து எத்தனை கோழிக்கு வரும்?

மறுநாள் தரை காய்ந்திருந்தது.
இரண்டாம் உதையில் உயிர்.
நெஃபாசித் வரைக்கும் இறக்கம்,
பாதி வழி பனிமூட்டமே தள்ளிக்கொண்டு போனது.
இருநூற்றுப் பதினான்கு கோழிகள், ஒரு கடி.

திரும்பும்போது ஏற்றம்.
மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்
இழுத்து இழுத்து, விக்கி, நின்றது.
வெள்ளம் வடிந்த வீட்டில் இப்போது தண்ணீர்ப் பஞ்சம்!
பிளக் எலும்புபோல் உலர்ந்திருக்கிறது.
டாங்கியில் பாதிக்கு மேல் இருக்கிறது.
மதில்மேல் மூன்று பபூன்கள்
டிக்கெட் வாங்கியவர்கள்போல் உட்கார்ந்திருந்தன.

மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட பெருமூச்சு.
காற்று உள்ளே போகாமல்
பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்?
அடைத்த கை என் கைதான்.

கோழி ஊசி ஒன்றை எடுத்து
சோப்பைக் குத்திக் குத்தி வெளியே எடுத்தேன்.
பெரிய பபூன் எட்டி வந்து
ஒரு துணுக்கைப் பொறுக்கி
நாவில் வைத்துப் பார்த்து
என்னை முறைத்தது.