இடப்பக்கம் கொஞ்சம்

செத்துப்போன ஆறாம் நம்பர் வாஷிங் மெஷினை
இரும்புக்குப் போட மனசில்லை.
மோட்டாரைக் கழற்றி விற்றேன்.
வயிற்றுக்குள் ஒரு சின்ன போர்டு,
வட்டக் கதவு இருந்த இடத்தில் பழைய மானிட்டர்,
சோப்புத்தூள் தட்டில் யுஎஸ்பி ஹப்.
நூறு பெசோ போட்டால் முன்பு துணி சுற்றும்.
இப்போது மூன்று உயிர்.

புன்தா அரேனாஸில், என் கடையில்,
ஒரு கூடைத் துணி காய முக்கால் மணி நேரம்.
அதுவரை ஆடட்டும் என்று வைத்தேன்.

முதல் வாரம் எதுவும் சொன்னபடி கேட்கவில்லை.
குதிக்கச் சொன்னால் சுட்டது,
சுடச் சொன்னால் ஆட்டம் நின்று மெனு வந்தது.
இரண்டு கன்ட்ரோலரும் ஒரே கடை, ஒரே சாயல், ஒரே பெயர்;
மின்சாரம் போய் வரும்போதெல்லாம்
யார் ஒன்று, யார் இரண்டு என்று
தமக்குள் சீட்டுக் குலுக்கிக்கொண்டன.
தன் கப்பல் திரும்பவில்லை என்று எவரிஸ்தோ திட்டத் திட்ட
யாரிட்சாவின் கப்பல் பணிவாகத் திரும்பியது.

பெயரை விட்டுவிட்டுத் துளையைப் பிடித்தேன்:
இந்தத் துளை ஒன்று, அந்தத் துளை இரண்டு.
நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு.
தீர்ந்தது.

தீராதது ஒன்று.
ஒன்றாம் கன்ட்ரோலரின் ஸ்டிக்
விரலை எடுத்த பிறகும் இடப்பக்கம் போகும்.
நூலளவுதான்.
பிரித்தேன், ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், ஊதினேன்.
கழற்றும்போது எட்டுத் திருகாணி, பூட்டும்போது ஏழு.
எட்டாவது யார் சட்டைப் பையோடு வீடு போனதோ.
ஸ்டிக் அப்படியே இழுத்தது.
நான்கு மாதம் இழுக்கட்டும் என்று விட்டேன்.

ஒரு ஞாயிறு இரவு, கடை பூட்டியபின்,
செட்டிங்ஸின் அடியாழத்தில் அந்த வரி கிடைத்தது.
டெட்ஸோன்:
எவ்வளவு அசைவைக் கண்டும் காணாமல் இருக்க வேண்டும்?
என் கல்யாணத்துக்கு முன் யாரும் இதைக் கேட்டதில்லை.
ஐந்து என்றிருந்ததைப் பதினெட்டு ஆக்கினேன்.
கப்பல் நின்றது,
நட்ட நடுவில், ஆணி அடித்தாற்போல.
தனியாகக் கைதட்டினேன்.

திங்கட்கிழமை எவரிஸ்தோ வந்தான்.
பஸ் ஓட்டுகிறவன். ஐந்து சீருடை, ஜோடி சேராத காலுறைகள்.
ஸ்கோர் பட்டியலில் முதல் மூன்று இடமும் அவனே.
முதல் கப்பல் வலப்பக்கப் பாறையில் மோதியது.
இரண்டாவதும் அதே பாறை.
மூன்றாவதை நான் பார்க்கவில்லை, துணி மடிப்பதுபோல் நின்றேன்.
"என்ன செஞ்சீங்க?"
"சரி செஞ்சேன்."
பாதி காய்ந்த சீருடைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டான்.
யாரிட்சாவுக்கும் அதே பாறை.
நண்டுத் தொழிற்சாலை திராகோ ஒரே ஒரு நாணயம் போட்டான்,
மானிட்டரைத் தட்டினான்,
"இது வேற மெஷின்" என்றான்.

இரவு கடையைப் பூட்டி வெளியே வந்தேன்.
நவம்பர் காற்று, மேற்கிலிருந்து.
முனையில் கட்டியிருந்த கயிற்றைச் சிலர் பிடித்திருந்தார்கள்.
மற்றவர்கள் எப்போதும்போல்
இல்லாத சுவரில் தோள் சாய்த்து நடந்தார்கள்.
ஒரு கணம் காற்று நின்றது.
மூன்று பேர் ஒன்றாக இடறினார்கள்.

திரும்பிப் போய் விளக்கைப் போட்டேன்.
பதினெட்டைப் பத்தாக்கினேன். கப்பல் அசையவில்லை.
எட்டு. அப்போதும் இல்லை.
ஆறில், கண்ணை இடுக்கிப் பார்த்தால், ஒரு நடுக்கம்.
ஆறா ஐந்தா என்று
என் கட்டைவிரலுக்கு என்ன தெரியும்?
ஐந்து.
கப்பல் இடப்பக்கம் மெல்லப் புறப்பட்டது.
சேமிக்கவா என்று கேட்டது.
ஆம்.

இரண்டாம் கன்ட்ரோலரை மட்டும்
நேராகவே வைத்திருக்கிறேன்,
ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு.