அரைப்பேர்

முதல் வருடம் மேல்பிரிவு லயங்களில்
முந்நூற்று அறுபது போத்தல் கொடுத்தோம்.
சுண்டுவிரல் அளவு, பச்சை மூடி,
ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம்.
திரும்பி வந்தவை நூற்று நாற்பத்தெட்டு.
அதில் பத்தொன்பது கழுவித் துடைத்து வந்தன.
"டொக்டரம்மா சாமான
எப்படிங்க அழுக்கா குடுக்கிறது?"
நூற்றுப் பதினேழுக்குள்
ஒரு சிட்டிகை தேயிலைத் தூள்.
வாங்கிய பாத்திரத்தை வெறுமையாய்த்
திருப்பக் கூடாதாம்.
பதுளை ஆய்வுகூடம் எழுதியனுப்பியது:
மாதிரி பொருத்தமற்றது.

நான் குடல் அறுக்கிறவள்.
மற்றவர்கள் மூக்கைப் பொத்தும் இடத்தில்தான்
பதினாறு வருடமாய் எனக்கு வேலை.
எல்லோரும் பிந்தித்தான் வருவார்கள்.
மூலம் என்று ஒரு வருடம்,
உடம்புச் சூடு என்று வெந்தயத்தோடு ஒரு வருடம்.
உறையிட்ட விரல் உள்ளே போய்க்
கல் மாதிரி ஒன்றில் முட்டி நிற்கையில்
திரைக்கு அந்தப் பக்கம் புருசன் கேட்பான்,
நாளைக்கு மலைக்குப் போகலாமா என்று.
அந்தப் பிந்துதலை அளக்கத்தான்
ஆராய்ச்சி தொடங்கினேன்.

முதல் கட்டுரை திரும்பி வந்தது.
பதில் விகிதம் ஏன் இவ்வளவு குறைவு,
விழிப்புணர்வு இல்லையா என்று கேட்டிருந்தார்கள்.
ஆம் என்று எழுதினேன்.
ஹாலிஎலப் பக்கம் ஒரு நாளும் விடியற்காலை
ஏறிப் பார்க்காமல் எழுதினேன்.

ஏறிப் பார்த்தது மார்கழியில்.
யோகராஜ் ஐஸ் பெட்டியோடு முன்னால் போனான்.
எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ்.
கதவு, உரச்சாக்கு.
மாதிரியை எடுத்து மருந்துக் காம்பராவில்
கொடுக்க ஒன்பது மணியாகும்.
ஏழரைக்குப் பெரட்டு முடிந்துவிடும்.
பிந்திப் போனால் அரைப்பேர்.
நூற்றுப் பதினேழாம் இலக்கம், செவனம்மா,
கூடையை இறக்காமலே சிரித்தாள்:
"ரெத்தம் போறது தெரியுதுங்க.
பேரு போறதத்தான் தாங்க முடியாது."

எட்டு மாதம், பதினொரு கடிதம்,
இரண்டு முறை துரையின் வராந்தாவில் நின்றே பேச்சு.
போத்தல் கொண்டுவரும் காலைக்கு முழுப்பேர்.
அடுத்த சுற்றில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று வந்தன.
யாரும் கழுவவில்லை.

செவனம்மாவுடையதில் இரத்தம் இருந்தது.
கட்டி மிகக் கீழே; வயிற்றில் வாசல் வைக்க வேண்டும்.
இடுப்புப் பட்டிக்குக் கீழே இடம் குறி என்கிறது பாடநூல்.
பாடநூலின் உடம்பு
படங்கு கட்டியதில்லை.
படங்கோடும் கயிறோடும் வார்டுக்கு வரச் சொன்னேன்.
தாதி நில்மினிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.
குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி,
இல்லாத கொழுந்தைக் கிள்ளச் சொல்லி,
கயிறு உரசாத இடத்தில்
ஊதா மையால் ஒரு வட்டம்.
அந்த வட்டம்தான் என் மூன்றாவது கட்டுரை.
நாற்பது பெண்கள், நாற்பது வட்டங்கள்,
எல்லாம் தொப்புளுக்கு மேலே.

ஆராய்ச்சியில் யாருடைய பேரும்
இருக்கக் கூடாது என்பது நெறிமுறைக் குழுவின் விதி.
நல்ல விதிதான்.
ஆனாலும் ஆங்கிலத்தில் எழுதும்போது
பேர் என்பதற்குச் சொல் கிடைக்காமல்
வேதன இழப்பு என்று போட்டேன்.
பாதிதான் உள்ளே வந்தது.

நான்காம் வருடம் நூற்றுப் பதினேழின் நேரே
தொடர்பு அறுந்தவர் என்று பதிந்திருக்கிறது.
மகளோடு வத்தளைக்குப் போனாள் என்றார்கள்.
வேறு மாதிரியும் சொன்னார்கள்.
நான் இரண்டையும் எழுதவில்லை.

இப்போது பழைய தரவையெல்லாம் சேர்த்து
ஒரே கட்டுரையாக்கச் சொல்கிறார்கள்.
அந்தப் பத்தொன்பதையும் நீக்கு,
அவை வெற்றுப் போத்தல் என்கிறார் புள்ளிவிபரக்காரர்.
பச்சை மூடியைத் திறந்து பார்த்தேன்.
தூள் கட்டிபட்டிருக்கிறது, மணம் இல்லை.
மூடிவிட்டு
நூற்று நாற்பத்தெட்டு என்றே
திரும்பவும் தட்டச்சு செய்தேன்.