நான்காம் எண் கேமரா

பத்து மாவுங், மீன் துறைமுகத்துக்குப் பின்னால்.
வெளியே முப்பத்து நான்கு டிகிரி,
தகரக் கூரையில் காகம்கூட உட்காராது.
உள்ளே மைனஸ் இருபத்தைந்து.
நடுவில் ஒரு சாண் கனத்தில் கதவு,
யாரோ வியர்த்த ஜாக்கெட் ஒன்று,
நான் கையெழுத்துப் போட்ட தாள்:
இருபது நிமிடத்துக்கு மேல் தங்கினால்
கம்பெனி பொறுப்பல்ல.

தமிழ்ப்பள்ளியில் ஆறு பருவமும் மனப்பாடம்.
கார், கூதிர், முன்பனி, பின்பனி.
முன்பனி எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு
டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.
அங்கே மழை.
இன்று ஒரு கதவைத் தள்ளி
இரண்டு பனிக்கும் அப்பால் போய்விட்டேன்.
நெய்தலிலிருந்து பத்தே அடி.
இந்த நிலத்துக்குத் திணை கிடையாது,
பேலட் எண் மட்டும்.

டிரில் பேட்டரி ஏழு நிமிடத்தில் செத்தது.
சாதாரண கேபிள், வளைத்தால்
முறுக்குப்போல ஒடிந்தது.
கையுறையோடு திருகாணியைப் பிடிக்க முடியாது,
கையுறை இல்லாமல் பிடித்தால் விட முடியாது.
ஸாப்ரி பழக்கதோஷத்தில் ஸ்க்ரூவை
உதட்டில் கவ்வப் போனான்.
நான் போட்ட சத்தம் எனக்கே
வெள்ளையாகத் தெரிந்தது.

பெரிய தவறு என்னுடையதுதான்.
குழாயின் வாயை அடைக்காமல் விட்டேன்.
பினாங்குக் காற்று ராத்திரி முழுக்க
கேபிளோடு கேபிளாக ஊர்ந்து வந்து
அத்தனை ஈரத்தையும் பெட்டிக்குள் கக்கியிருந்தது.
காலையில் மூடியைத் திறந்தால்
எங்கள் ஊர் மழை, பொடிப்பொடியாக.
"பாஸ், ஐஸ் கச்சாங்," என்றான் ஸாப்ரி,
சிரித்தான், பல் கூசி நிறுத்தினான்.

பதினாறு கேமரா.
ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் சின்ன ஹீட்டர்.
ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் தானே விழித்துக்கொள்ளும்.
கேமராவுக்குக் குளிரக்கூடாது,
ஒப்பந்தத்தில் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து மிஸ்டர் ஊய் கூப்பிட்டார்.
"நாலாம் நம்பர் தினமும் குருடாகுது லா.
பத்தரைக்கு ஒருதரம், மூணுக்கு ஒருதரம்.
இறால் கணக்கு வேற உதைக்குது."

பதிவை ஓட்டினேன்.
பத்து முப்பத்திரண்டு.
கண்ணாடியைத் தொடும் முன் ஒரு கணம்
தெளிவாக, ஓர் உள்ளங்கை.
ஆயுள் ரேகையைக் குறுக்கே வெட்டிப் போகும் தையல் தடம்.
பிறகு இருட்டு, நாற்பது வினாடி.
அடுத்து இன்னொரு கை, சுண்டுவிரல் பாதிதான்.
அடுத்து
ஒரு கன்னம்.

ஐந்தாம் நம்பரில் தேடினேன்.
நான்கு பேர், பஸ்ஸுக்கு நிற்பதுபோல் வரிசையாக.
காலி மீன் பெட்டியைக் கவிழ்த்து
ஒருவன் ஏறுகிறான், இறங்குகிறான், அடுத்தவன்.
இறாலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அது எங்கே போகிறதோ தெரியாது.
இங்கே போகவில்லை.

ஏணியோடு உள்ளே போனபோது
பெட்டியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு
கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான் ஒருவன்.
சட்டையில் பெயர்: துலாராம்.
"பானாஸ்," என்றான். "சிகிட் சஹாஜா."
சூடாம். கொஞ்சம்தானாம்.
திருட்டை ஒத்துக்கொள்பவனின் குரலில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என்ன சொல்வது, எந்த மொழியில்?
பன்னிரண்டு நிமிடம்தான் மிச்சம்.
கேமராவைக் கழற்றினேன்.
"எவ்வளவு மேலே பாஸ்?" ஸாப்ரி கேட்டான்.
"கீழே," என்றேன்,
என் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினேன்.
அவன் துலாராமைப் பார்த்தான்,
பெட்டியைப் பார்த்தான்,
இன்னும் இரண்டு விரற்கடை இறக்கினான்.

வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி
குப்பென்று மூடிக்கொண்டது.
துடைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.
எங்கோ லாரி பின்னால் வரும் சத்தம், மீன் வாடை.
பிறகு ரிப்போர்ட் எழுதினேன்.
குறை: லென்ஸில் மூட்டம்.
தீர்வு: கோணம் மாற்றம், ஹீட்டர் ஒரு படி கூட்டல்.
வருகைக் கட்டணம்
எண்பது வெள்ளி.