விடுதலைப் பத்திரம்

காரைக்குடியில், மருந்துக்கடை மாடியில்
எக்கோ எடுத்த பெண் ஜெல்லைத் துடைக்குமுன்
திரையை என் பக்கம் திருப்பினாள்.
மூன்று இதழ். ஒன்றின் ஓரத்தில்
பல்லிடுக்குப் பருக்கை போல வெள்ளை.
"இப்பத்தான் தொடங்கியிருக்கு ஆச்சி."
ஐம்பத்திரண்டு வயதில் ஏதோ ஒன்று
இப்போதுதான் தொடங்குகிறது என்று கேட்டு
நாளாகிவிட்டது.

டாக்டருக்குச் சொந்த ஊர் மதுரை.
"சுண்ணாம்புதான். உங்க ஊர் வீட்டுச் சுவர் மாதிரி"
என்று சிரித்தார்.
சுவர் நிமிடத்துக்கு எழுபது முறை
திறந்து மூட வேண்டியதில்லை, டாக்டர்.

ரத்தச் சீட்டில் லைப்போபுரோட்டீன் ஏ: நூற்று நாற்பது.
நெய்யால் வந்ததல்ல, நடந்தாலும் போகாது.
அப்பச்சி மாடிப்படியில் பாதியில் நின்று
கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்,
நாளைக்கு நாலைந்து தரம்.
அறுபத்தொன்றில் நின்றுபோனார்.
கடிகாரம் மறுநாள் மதியம்வரை ஓடியது.

என் கல்யாணத்தில் இசைபிடிமானம் எழுதினார்கள்.
வெள்ளி, வைரம், பித்தளை, எவர்சில்வர்,
ஒரு கரண்டி விட்டுப்போகவில்லை.
வளவில் மட்டும் பெண்ணுக்குப் பங்கில்லை.
இது அந்தச் சிட்டையில் ஏறாத சீர்.
ஆணா பெண்ணா என்று கேளாமல்
காசு சுண்டிக் கொடுத்தது.
எனக்குத் தலை.
தம்பி சாத்தப்பன் இன்னும் கையைத் திறந்து பார்க்கவில்லை.
தேனம்மைக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய காசு
காற்றில் சுழல்கிறது,
நான் சுண்டிய காசு.

தேவகோட்டை, பத்திர ஆபீஸ், மாடி.
வீடு வாங்குகிறவர் விவரமானவர்,
பெண்மக்கள் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்.
எழுத்தர் மூக்கால் வாசித்தார்:
மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ
யாதொரு பாத்தியமும் கிடையாது.
போட்டேன். ஏழு பக்கம், ஏழு கையெழுத்து.
மை காயுமுன் தம்பியின் சட்டைப்பையில்
ரத்தச் சீட்டைச் செருகினேன்.
"என்ன ஆச்சி இது?"
"உனக்கும் பங்கு வந்திருக்கான்னு பாரு."
படிக்காமல், மடிப்பைக்கூடப் பிரிக்காமல் சிரித்தான்.

ஆதார் நகல் ஒன்று குறைந்தது.
கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் திரும்பியவன்
பதினோராவது படியில் நின்று
போனை எடுத்துப் பார்த்தான்.
மணி அடித்த மாதிரி இல்லை.
திரை இருட்டாகத்தான் இருந்தது.
மேல்படியில் நின்று
நான் எண்ணத் தொடங்கினேன்.